பித்தவெடிப்புக்கு முதலில் தண்ணீர், அப்புறம்தான் எண்ணெய்

மார்கழி பிறந்தால் அம்மாவின் போர்வை கால்மாட்டில் நூல் நூலாகப் பிரியத் தொடங்கும். இரவில் காலை நீட்டும்போது குதிகால் வெடிப்பின் ஓரத்தில் நூல் மாட்டும், இழுத்தால் ‘சர்ர்’ என்று சத்தம் வரும். பகலில் புடவையின் ஓரம் மாட்டும். வெடிப்பு ஆழமாகிவிட்ட நாட்களில் மாடிப்படி ஏறினால் ரத்தம் கசிந்து மொசைக் தரையில் பொட்டுப் பொட்டாகப் படியும். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இதற்கு ஒரே வைத்தியம் துவைக்கிற கல்தான். குளித்து முடித்ததும் குதிகாலை அதில் தேய் தேய் என்று தேய்ப்பார். அப்புறம் விளக்கெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசுவார். பிற்பாடு மாதம் ஒருமுறை பார்லருக்குப் போய் பெடிக்கியூர் செய்துகொள்ள ஆரம்பித்தார். செய்துகொண்ட அன்று மாலை கால் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பத்து நாள் போனால் மறுபடியும் போர்வையில் நூல் மாட்டும்.

கல்லிலும் தேய்த்தாயிற்று, பார்லரிலும் தேய்த்தாயிற்று, பிறகும் ஏன் வெடிக்கிறது? பித்தவெடிப்பு என்ற பெயரில் பித்தம் இருக்கிறது. பலர் அழுக்கு என்று நினைக்கிறார்கள். உண்மையில் வெடிப்பு உண்டாவது இரண்டு காரணங்களால்: தோலில் தண்ணீர் குறைவது, குதிகால் பக்கவாட்டில் விரிவது.

முதலில் தண்ணீர். தோலில் எண்ணெய் சுரக்கிற சுரப்பிகள் பெரும்பாலும் முடியின் வேரோடு ஒட்டியவை. உள்ளங்காலில் முடி கிடையாது, அதனால் எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது. வியர்வைச் சுரப்பிகள் மட்டும் நெருக்க நெருக்கமாக உண்டு. முகத்துக்கும் தலைக்கும் உடம்பே எண்ணெய் தடவிவிடுகிறது, உள்ளங்காலை அப்படியே விட்டுவிடுகிறது.

தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. கெரட்டின் என்ற புரதம் நிறைந்த, தட்டையான செல்கள் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். முடியும் நகமும்கூடக் கெரட்டின்தான். வயிற்றிலோ முன்னங்கையிலோ இந்த அடுக்கு 10 முதல் 20 மைக்ரான் தடிமன், அதாவது ஒரு மில்லிமீட்டரை 50 முதல் 100 பங்காக்கினால் அதில் ஒன்று. குதிகாலில் ஒரு மில்லிமீட்டரையே தாண்டும். மருதாணி வைத்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவக்கிற அளவுக்குப் புறங்கை சிவப்பதில்லையே, அதற்கும் காரணம் இந்தத் தடிமன்தான். மருதாணிச் சாயம் கெரட்டினைத்தான் பிடித்துக்கொள்ளும். கெரட்டின் நிறைய இருக்கிற இடத்தில் நிறமும் நிறையத் தங்கும்.

செத்த அடுக்கு என்றாலும் அது வளையவேண்டும். வளைவதற்குத் தண்ணீர் வேண்டும். 1952-ல் அமெரிக்கத் தோல் ஆய்வாளர் இர்வின் பிளாங்க் ஒரு சோதனையை வெளியிட்டார். காலில் காய்த்துப்போன தோலிலிருந்து எடுத்த துண்டுகளை நன்றாக உலர்த்தினார். அவை விறைத்துப்போயின, வளைத்தால் உடைந்தன. அவற்றை எண்ணெயிலும் வாசலினிலும் ஊறப்போட்டார், விறைப்பு மாறவில்லை. தண்ணீரைக் காட்டியதும் இளகி வளைந்தன. தோலை மிருதுவாக்குவது தண்ணீர்தான், எண்ணெய் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. தண்ணீரின் அளவு சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த அடுக்கு அப்பளம்போல ஆகிவிடுகிறது.

அப்படியானால் விளக்கெண்ணெய் வீணா? வீணில்லை. அது மூடிபோல வேலை செய்கிறது, உள்ளே இருக்கும் தண்ணீர் காற்றில் போகாமல் தடுக்கிறது. உள்ளே தண்ணீரே இல்லாதபோது மூடி போட்டு என்ன பயன்? காய்ந்த காலில் எண்ணெய் தேய்த்துவிட்டு ‘எனக்கு எதுவும் கேட்கவில்லை’ என்று சலித்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் முதல் படியைத் தவறவிட்டவர்கள்தான்.

தண்ணீரைப் பிடித்துவைக்கத் தோலிடம் சொந்தச் சரக்கும் உண்டு. ஃபிலாக்ரின் என்ற புரதம் மேலடுக்குக்கு வந்ததும் சிதைந்து அமினோ அமிலங்களாகவும் அவற்றிலிருந்து பிறக்கும் பொருட்களாகவும் மாறுகிறது. இவற்றோடு லாக்டிக் அமிலம், யூரியா போன்றவையும் சேர்ந்து செல்லுக்குள்ளே ஈரத்தை இழுத்துப்பிடிக்கின்றன. எல்லாமே தண்ணீரில் கரைபவை. இங்கேதான் ஒரு சிக்கல். ஒரு மணி நேரம் சுடுதண்ணீரில் காலை ஊறவைத்தால் இந்தச் சரக்கு கரைந்து வெளியே போய்விடும். ஊறிய கால் அப்போதைக்குப் பஞ்சுபோல இருக்கும், துடைத்து அரை மணி நேரத்தில் முன்னைவிட வறண்டுவிடும். சோப்பு வேறு சேர்ந்தால் இன்னும் மோசம். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, சாதாரணக் கட்டிச் சோப்பு காரம். வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் போதும், 15-ஐத் தாண்ட வேண்டாம்.

சரி, விரிவது எப்படி? குதிகால் எலும்புக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தடிமனில் ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் அதன்மேல் இறங்குகிறது. மெத்தை நசுங்குகிறது, நசுங்கியது பக்கவாட்டில் பிதுங்குகிறது. சுற்றியிருக்கும் தோல் கூடவே விரிந்துகொடுக்க வேண்டும். ஈரமுள்ள தோல் விரியும், வறண்ட தோல் கிழியும். அதனால்தான் வெடிப்பு குதிகாலின் நடுவில் வராமல் விளிம்பைச் சுற்றி, மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வருகிறது. பின்பக்கம் திறந்த செருப்பில் மெத்தையை அணைத்துப் பிடிக்க எதுவும் இல்லை. நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள், உடம்பு எடை கூடியவர்கள், கர்ப்பிணிகள் காலில் வெடிப்பு அதிகமாக இருப்பதற்கு இந்தப் பிதுக்கமே காரணம்.

பாரமும் உராய்வும் தொடர்ந்தால் தோல் பதிலுக்குத் தடிக்கும். அடியடுக்கு வேகமாகச் செல்களை உண்டாக்கும், மேலே செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். இதைத்தான் காய்ப்பு என்கிறோம். காய்ப்பு நோய் அல்ல, தோல் தனக்குத்தானே தைத்துக்கொண்ட செருப்பு. கென்யாவில் வெறுங்காலோடு வாழ்பவர்களையும் செருப்பு போடுபவர்களையும் ஒப்பிட்டு 2019-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வெறுங்காலோடு நடப்பவர்களின் காய்ப்பு தடிமனாக இருந்தும் தரையை உணரும் திறன் அவர்களுக்குக் குறையவில்லை என்பது அதன் முடிவு. தடிமன் தானாகக் கெடுதல் செய்வதில்லை. தடிமனும் வறட்சியும் சேரும்போதுதான் விளிம்பு கிழிகிறது.

இப்போது அந்தப் பத்து நாள் கணக்கு புரியும். பார்லரில் செத்த அடுக்கை மட்டும்தான் எடுக்கிறார்கள். பாரம் அப்படியே இருக்கிறது, வறட்சி அப்படியே இருக்கிறது. பிளேடு வைத்துச் சீவி எடுத்தாலோ தோல் அதைக் காயமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் தடித்து வளரலாம். என்னைக் கேட்டால் சீவும் பிளேடை எந்தக் காலிலும் படவிடக்கூடாது. ஊறவைத்துத் துடைத்த காலில், கால் தேய்க்கும் ஃபைலால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தோல் வழவழப்பாகி இளஞ்சிவப்பு தெரியும் முன்பே நிறுத்திவிட வேண்டும். ஒரே நாளில் முழுவதையும் எடுக்கத் தேவையில்லை.

பெடிக்கியூருக்குப் போகுமுன் செய்யக்கூடாத ஒன்று உண்டு. பெண்கள் பலர் பார்லருக்குப் போகிறோமே என்று அன்று காலையில் ரேஸரால் காலை மழித்துக்கொண்டு போகிறார்கள். 2000-ஆம் ஆண்டு வட கலிபோர்னியாவில் ஒரே நெயில் சலூனுக்குப் போய்வந்த 110 பேருக்கு முழங்காலுக்குக் கீழே கட்டிகள் வந்தன. சிலருக்கு ஒன்றிரண்டு, ஒருவருக்கு 37. ஆற மாதக்கணக்கில் ஆனது. காரணம் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம், காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவு, குழாய்த் தண்ணீரிலேயே வாழக்கூடியது. சலூனில் இருந்த 10 கால் தொட்டிகளைச் சோதித்தார்கள், பத்திலும் அது இருந்தது. தண்ணீரைச் சுழற்றும் தொட்டிகள் அவை. தண்ணீரை உள்ளிழுக்கும் வலைக்குப் பின்னால் முன்பு வந்தவர்களின் முடியும் தோல் துகளும் அடைந்து கிடந்தன, கிருமி அங்கேதான் குடியிருந்தது. யாருக்குக் கட்டி வந்தது, யாருக்கு வரவில்லை என்று பிரித்துப் பார்த்தபோது முன்னே வந்து நின்ற காரணம், போவதற்கு முன் காலை மழித்திருந்தது. ரேஸர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடும், கிருமி அதன் வழியாக நுழையும். மழிப்பதோ வேக்ஸிங்கோ, குறைந்தது ஒரு நாள் இடைவெளி விடுங்கள். காலில் புண்ணோ கொசுக்கடியைச் சொறிந்த காயமோ இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள்.

நம் ஊரின் சின்ன பார்லர்களில் இருக்கும் சாதாரண பிளாஸ்டிக் டப்பை நான் குறைவாக நினைக்க மாட்டேன். குழாயும் வலையும் இல்லாததால் மூலை முடுக்கெல்லாம் கை போகும். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியை 10 நிமிடம் நிறுத்திவைக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். ஒரு சுற்று கழுவி ஊற்றுவது போதாது. நகவெட்டி, கத்தரி விஷயத்திலும் கவனம் வேண்டும். நீல விளக்கு எரியும் பெட்டிக்குள் வைத்து எடுப்பதால் உலோகக் கருவி கிருமி நீங்கியதாகாது. ஒளி படாத மடிப்பில் இருப்பது அப்படியே இருக்கும். மருத்துவமனையில் செய்வதுபோல 121 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு வைப்பதுதான் முழுமையான வழி. அந்த வசதியைப் பார்லரில் எதிர்பார்க்க முடியாது. ஒரு நகவெட்டி, ஒரு ஃபைல், சொந்தமாக வாங்கிப் பையில் எடுத்துப் போய்விடலாம். சொன்னால் எந்த பார்லர் அக்காவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நகம் முளைக்கும் இடத்தில் அதன்மேல் படிந்திருக்கும் மெல்லிய தோலை வெட்டித் தள்ளுவது அழகு என்று பழகிவிட்டோம். அந்தத் தோல் நகத்துக்கும் சதைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்கும் முத்திரை. அதை வெட்டியபின் சதை வீங்கிச் சீழ் கோத்து ‘விண் விண்’ என்று தெறிக்கும் நகச்சுற்று வந்து, விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். வெட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நகத்தின் முனையை நேராக வெட்டுங்கள். ஓரத்தை உள்ளே வளைத்து வெட்டினால் வளரும்போது சதைக்குள் குத்தும். கால் பெருவிரல் நகம் அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர ஒரு வருடத்துக்கு மேல், சிலருக்கு ஒன்றரை வருடம் ஆகும். அவசரத்தில் வெட்டிய தப்பு அவ்வளவு காலம் கூடவே இருக்கும்.

வீட்டில் செய்வதற்கு வருவோம். இரவில் 10 நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீர். ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதாகக் காயும் முன்பே யூரியா கலந்த கிரீம். ஆமாம், வயலுக்கு இடும் யூரியாவும் இதுவும் ஒரே மூலக்கூறுதான், ஆனால் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள். மருந்துக்கடையில் தூய்மையாகத் தயாரித்தது கிடைக்கும். 10 சதவீதம் வரை அது ஈரத்தைப் பிடிக்கும் வேலையைச் செய்யும். 20 சதவீதத்துக்கு மேல் போனால் கெரட்டின் பிணைப்புகளைத் தளர்த்திக் காய்ப்பையே இளக்கும். வெடிப்பு திறந்து ரத்தம் தெரிந்தால் எரியும். அப்போது சில நாட்களுக்கு வாசலின் மட்டும் போட்டு, வாய் மூடிய பிறகு யூரியாவுக்கு வரலாம். கிரீமின் மேல் வாசலின், அதன்மேல் பழைய பருத்தி சாக்ஸ். வாசலின் மூடி போடுவதில் கெட்டிக்காரன், தோலிலிருந்து ஆவியாகும் தண்ணீரைப் பெருமளவு தடுத்துவிடும். விரல் இடுக்குகளில் மட்டும் எதையும் பூசாதீர்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். மூன்று நான்கு வாரம் விடாமல் செய்தும் மாவு பூசியதுபோல வெள்ளைச் செதில் போகவில்லை, அதுவும் ஒரு காலில் மட்டும் இருக்கிறது என்றால் பூஞ்சையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. அப்பாவுக்குச் சர்க்கரை, பதினைந்து வருடமாக. தண்ணீரில் ஊறினால் விரல் நுனி சுருங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது நரம்பு நடத்துகிற வேலை. நரம்பு அறுந்த விரல் ஊறினாலும் சுருங்காது என்பதை 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். சர்க்கரை பல வருடம் நீடித்தால் பாதத்தின் நரம்புகள் மங்கும், சூடும் தெரியாது, குத்தும் தெரியாது. வியர்வையும் குறைவதால் பாதம் இன்னும் வறளும். மருத்துவமனையில் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, ‘தெரியுதா?’ என்று கேட்பார்கள். அப்பா இரண்டு இடத்தில் ‘இன்னும் தொடலையே’ என்றார். அன்றிலிருந்து அவர் காலை ஊறவைப்பதே இல்லை. கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரும் அவருக்குக் கூடாது. அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் 40 சதவீதம் வரை இருக்கும், ஆணியோடு நல்ல தோலையும் அரித்துவிடும், அவருக்குத் தெரியவே தெரியாது. குளித்ததும் துடைத்து, கிரீம் பூசி, உள்ளங்காலைக் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறார். கண்ணாடியில் சரியாகத் தெரியாத நாளில் நான் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா இப்போது பார்லருக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போகிறார். உட்கார்ந்ததும் ‘பிளேடு வேண்டாம்மா’ என்று சொல்லிவிடுகிறார். சாக்ஸ் போட்டுக்கொள்ள முதல் வாரம் கூச்சப்பட்டார், அப்புறம் பழகிவிட்டது. வலது குதிகால் முழுதாக மூடிவிட்டது. இடதில் மட்டும் வெளி விளிம்பில் ஒரு வெடிப்பு இன்னும் இருக்கிறது. அடுப்பங்கரையில் நின்று தோசை வார்க்கும்போது அவர் பாரம் முழுக்க அந்தக் காலில்தான் இருக்கும்.