ஒரே மரத்தில் இரண்டு வண்டுகள்

மலாய்க்காரர்கள் கும்பாங் பியோலா என்று சொல்லும் வயலின் வண்டை நம்மில் பலர் நினைவுப் பொருள் கடைகளில், கண்ணாடிச் சட்டத்துக்குள்தான் பார்த்திருப்போம். காட்டில் உயிரோடு கண்ணில் படுவது அபூர்வம். நீளம் 6 முதல் 10 செ.மீ. வரை இருக்கும், உடம்போ அட்டை போலத் தட்டை. மேலிறகின் ஓரங்கள் சருகு மாதிரி மெலிந்து இரு பக்கமும் விரிந்திருக்கும். தலை குச்சியாக நீண்டிருக்கும். பட்ட மரத்தில் தட்டுத்தட்டாக ஒட்டி வளரும் கெட்டிக் காளான்களின் இடுக்கில் நுழைந்து புழுக்களை வேட்டையாட ஏற்ற வடிவம் இது. சீண்டினால் பியூட்டிரிக் அமிலத்தைப் பீய்ச்சும். கெட்டுப்போன வெண்ணெய் நாறுவதும் இதே அமிலத்தால்தான்.

இதன் புழு காளானுக்குள்ளேயே எட்டு ஒன்பது மாதம் வளர்கிறது. அதற்கு முன் காளான் உதிர்ந்தால் அந்தத் தலைமுறை போச்சு. ஆகவே இதற்கு வேண்டியது பட்டுப்போயும் கெட்டியாக இருக்கும் பெரிய மரம்.

அதே மரம் விழுந்து, ஊறி, விரலால் அழுத்தினால் உள்ளே போகும் பதத்துக்கு வந்தபின் குடியேறுவது டிரைலோபைட் வண்டு (டிரைலோபைட் என்பது பழங்காலத்தில் அழிந்துபோன, தகடு தகடாக உடம்பு கொண்ட கடலுயிர்). மலேசியாவின் பிரேசர் மலைப் பாதைகளில் மழைக்குப் பின் இதைக் காணலாம். முதுகில் ஓடு அடுக்கியது போன்ற தகடுகள். தொட்டால் குண்டூசித் தலை அளவு தலையைக் கேடயத்துக்குள் இழுத்துக்கொள்ளும். நாம் பார்ப்பது பெரும்பாலும் பெண் அல்லது புழு. பெண்ணுக்கு இறகு முளைப்பதே இல்லை, ஆயுள் முழுக்கப் புழு உருவம்தான். ஆண் ஒரு செ.மீ.கூட இல்லாத சாதாரணச் சிறகு வண்டு. இரண்டும் ஒரே இனம் என்பது, போர்னியோவில் இணைசேர்ந்த ஜோடியைக் கவனித்த சுவீடன் விலங்கியலாளர் மியோபெர்க் 1925-ல் எழுதிய பிறகுதான் தெளிவானது.

மரத்தை இது கடித்துத் தின்பதில்லை. ஊறிய மரத்தின் மேல் கசியும், நுண்ணுயிர்கள் நிறைந்த நீரை உறிஞ்சுகிறது. பெட்டியில் போட்டு இலையும் பழமும் வைத்து வளர்க்கப் பார்ப்பவர்கள் தோற்பது இதனால்தான். பெண்ணால் பறக்க முடியாததால் நடுவே ஒரு சாலை வந்தாலே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடலாம். பல இனங்கள் ஒரே மலைத்தொடருக்குள் ஒடுங்கிக் கிடப்பதும் அதனால்தான்.

தேடுபவர்கள் இரவில் டார்ச்சை மரத்தோடு பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தகடுகளின் நிழல் காட்டிக்கொடுக்கும். பட்டையை மட்டும் உரிக்காதீர்கள். திரும்ப வைத்தாலும் பழையபடி ஒட்டாது. இடுக்கில் காற்று புகுந்து ஈரம் போய்விடும்.