ட்ரெக்கிங் ஸ்டிக் வாங்கும்போது முதலில் லாக்கைப் பாருங்கள்

மலையேறிவிட்டு முழங்கால் வலியோடு என்னிடம் வருபவர்களிடம், அடுத்த முறை உங்கள் ட்ரெக்கிங் ஸ்டிக்கையும் கொண்டு வாருங்கள் என்பேன். நான் இயன்முறை மருத்துவர். சென்ற ஆண்டு ஒருவர் மணிக்கட்டு எலும்பு முறிந்து, கட்டுப் பிரித்த பிறகு பயிற்சிக்கு வந்தார். இறக்கத்தில் கம்பை ஊன்றி உடம்பைச் சாய்த்த நேரத்தில் அது சரக்கென்று உள்ளே போய்விட்டதாம். ஆளும் முன்னால் விழுந்துவிட்டார். அந்தக் கம்பைக் கழற்றிப் பார்த்தேன். அலுமினியக் குழாயில் ஒரு வளைவுகூட இல்லை. நீட்டிய கம்பு உள்ளே இறங்காமல் பிடித்து வைப்பது லாக். அதன் பிளாஸ்டிக் துண்டுதான் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

குறைந்த விலையில் நீடித்து உழைக்கும் கம்பு கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் பெரும்பாலானவர்கள் எடையையும் பளபளப்பையும் பார்க்கிறார்கள், லாக்கை விட்டுவிடுகிறார்கள். திருகிப் பூட்டும் வகையில் மண்ணோ ஈரமோ உள்ளே போனால் பிடிப்பு தளரும். அது தளர்ந்திருப்பதும் வெளியிலிருந்து தெரியாது. வெளியே மடக்கிப் பூட்டும் கிளிப் வகை எனக்குப் பிடித்தது. பூட்டியிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். தளர்ந்தால் அதிலுள்ள திருகைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். வாங்கும் இடத்திலேயே கம்பை நீட்டிப் பூட்டி, இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக முழு எடையையும் அதன்மேல் போட்டுப் பாருங்கள். அரை அங்குலம் இறங்கினாலும் அந்தக் கம்பு வேண்டாம்.

அடுத்தது குழாய். கார்பன் ஃபைபர் லேசானது, ஆனால் விலை அதிகம். பாறை இடுக்கில் மாட்டிப் பக்கவாட்டில் அழுத்தம் விழுந்தால் பட்டென்று முறிந்துவிடும். அலுமினியம் முறிவதற்கு முன் பெரும்பாலும் வளையும். வளைந்த கம்பை வைத்து எப்படியாவது கீழே வந்து சேரலாம். 7075 என்று குறித்திருந்தால் அது 6061 என்ற இன்னொரு அலுமினிய வகையைவிட உறுதியான கலவை. செலவைப் பார்ப்பவர்களுக்கு அலுமினியமே போதும். அதிர்ச்சியைத் தாங்க என்று உள்ளே ஸ்பிரிங் வைத்து வருபவை தேவையே இல்லை. பழுதாக இன்னொரு பாகம், அவ்வளவுதான்.

முனை டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாக இருக்கட்டும். அது தேய்ந்தால் தனியாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். கைப்பிடி கார்க் அல்லது ஃபோம் நல்லது. கெட்டிப் பிளாஸ்டிக் வியர்வையில் வழுக்கும், கொப்புளமும் வரும்.

இனி என் துறை விஷயம். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், 25 டிகிரி சரிவில் இரண்டு கம்புகளோடு இறங்கியவர்களின் முழங்கால் மூட்டில் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்திருந்தது. கம்பின் நீளம் சரியாக இருந்தால்தான் இந்தப் பலனை எதிர்பார்க்கலாம். சமதளத்தில் ஊன்றி நிற்கும்போது முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறையுங்கள், இறக்கத்தில் அதே அளவு கூட்டுங்கள். தோள் காதை நோக்கித் தூக்கிக்கொண்டே இருந்தால் கம்பு நீளம் அதிகம் என்று அர்த்தம். முழங்காலைக் காப்பாற்றப் போய்க் கழுத்து வலியோடு வருபவர்கள் இப்படித்தான் வருகிறார்கள். அப்புறம், கைப்பிடியில் தொங்கும் பட்டைக்குள் கையை அடியிலிருந்து மேலே நுழைத்து, பட்டையையும் சேர்த்துக் கைப்பிடியைப் பிடியுங்கள். எடை பட்டையில் விழும், விரல்கள் இறுக வேண்டியதில்லை. பாறையைப் பிடித்து ஏறும் இடங்களில் மட்டும் கையை வெளியே எடுத்துவிடுங்கள்.

நீட்டும்போது குழாயில் போட்டிருக்கும் எல்லைக் கோட்டைத் தாண்ட வேண்டாம். அந்த நீளத்திலும் உங்களுக்குப் போதவில்லை என்றால் அது உங்கள் உயரத்துக்கான கம்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றி, துடைத்து, ஓர் இரவு காய விடுங்கள். ஈரத்தோடு மடக்கி வைத்த அலுமினியம் உள்ளே அரித்து, அடுத்த முறை நீட்டவே வராது. எண்ணெய் மட்டும் போடாதீர்கள். திருகு லாக் வழுக்க அதுவே போதும். மறுநாள் மாட்டும்போது கடையில் செய்தது போலவே ஒரு தடவை எடை போட்டு அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள்.