கிராமத்துக் குப்பை ஏன் மக்க மறுக்கிறது?

நகரத்துக் குப்பையை உரமாக்க எழுதிய செய்முறையை ஊராட்சிக் குப்பைக்கு அப்படியே வைத்தால் வேலைக்கு ஆகாது. நகரத்து வாளியில் ஏறத்தாழ பாதி, மீந்த சோறும் காய்கறித் தோலும்தான். கிராமத்தில் அவை வண்டிவரை வருவதே அபூர்வம். கழுநீர் மாட்டுக்கு, தோல் ஆட்டுக்கு, மிச்சம் கோழிக்கு என்று காலையிலேயே பங்கு போட்டாகிவிடும். தூய்மைக் காவலரின் வண்டியில் ஏறுவது வாசல் கூட்டிய சருகு, அதோடு சேர்ந்து வரும் மண், நடுநடுவே பால் கவர், ஷாம்பு பாக்கெட். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் சுமார் 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்பது கணக்கு. அவர் கொண்டுவந்து கொட்டுவதில் மக்கும் பகுதி பெரும்பாலும் சருகுதான்.

சருகு மட்டும் மக்குவது கடினம். மக்க வைப்பவை பாக்டீரியாவும் பூஞ்சையும். அவற்றுக்குக் கார்பன் ஆற்றல் தருகிறது. உடலைக் கட்ட நைட்ரஜன் வேண்டும். 25 முதல் 30 பங்கு கார்பனுக்கு 1 பங்கு நைட்ரஜன் இருந்தால் வேகமாகப் பெருகும். காய்ந்த சருகில் இந்த விகிதம் 50-க்கு 1, சில மரங்களுக்கு 80-க்கு 1 வரை போகும். மாட்டுச் சாணத்தில் 20-க்கு 1 ஒட்டி. சருகோடு சாணம் சேர்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். பல ஊர்களில் உரக்குழி நாறுவதைவிட, ஆறு மாதமானாலும் போட்டது போட்டபடி கிடப்பதுதான் அதிகம். நைட்ரஜனும் இல்லை, ஈரமும் இல்லை.

15 செ.மீ. உயரத்துக்குச் சருகைப் பரப்பி, 1 கிலோ பச்சைச் சாணத்தை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். மேலே இரண்டு கை பழைய உரத்தைத் தூவி, அடுத்த அடுக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது 1 மீட்டர் வர வேண்டும். அதைவிடச் சிறிய குவியல், உண்டாகும் சூட்டை வெளியே விட்டுவிடும். கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். விரித்ததும் உதிர்ந்தால் போதாது. சரியாக அமைந்த குவியலின் நடுப்பகுதி ஒரு வாரத்துக்குள் 55 முதல் 65 டிகிரியைத் தொடும். ஒரு இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவித் தொட்டுப் பார்த்தால், விரலை வைத்திருக்க முடியாது. களை விதையும் ஈப்புழுவும் சாவது அந்தச் சூட்டில்தான். சூடு இறங்கியதும் வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளிக் கிளற வேண்டும், வாரம் ஒருமுறை. கோடையில் மேலே தென்னங்கீற்று போடாவிட்டால் மேல் அடுக்கு அப்பளமாகக் காய்ந்துவிடும்.

முகூர்த்த நாளன்று கதை தலைகீழ். மண்டபத்திலிருந்து வாழை இலையும் சாம்பார் சோறும் ஒரே நாளில் மலையாக வந்து இறங்கும். தண்ணீரும் நைட்ரஜனும் மிதமிஞ்சி, காற்றுப் போகும் இடைவெளி அடைபடும். பிறகு காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாவின் ஆட்சி. மூக்கே இங்கே நல்ல கருவி. மூத்திர நெடி அடித்தால் நைட்ரஜன் அம்மோனியாவாகப் பறக்கிறது, சருகைக் கூட்டுங்கள். அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று இல்லை, கிளறுங்கள். ஒரு வாளி சோற்றுக் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு என்பது நடைமுறைக் கணக்கு. இதற்காகவே பத்துப் பதினைந்து சாக்குச் சருகை உரக்கூடத்தின் மூலையில் காயவைத்து வைத்திருப்பது நல்லது. இலையோடு பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டும் வரும். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருள்தான், ஆனாலும் வரும். காகிதம் மக்கிப்போய் மேல்பூச்சு மட்டும் மெல்லிய தோலாக உரத்தில் நிற்கும். அதைப் பொறுக்கி மாளாது.

மண்புழுவை அவசரப்பட்டு விடுவதுதான் அடுத்த பிழை. புழு தாங்குவது சுமார் 35 டிகிரிவரைதான், சூடான குவியலில் விட்டால் ஓடும் அல்லது சாகும். முதலில் 15 முதல் 20 நாள் மக்கி ஆறிய பிறகே விட வேண்டும். புழுத் தொட்டியைச் சுற்றித் தண்ணீர் வாய்க்கால் இல்லாவிட்டால் எறும்பு ஒரே இரவில் புழுவைத் தீர்த்துவிடும். 45 முதல் 60 நாளில் உரம் தயார், 4 மி.மீ. சல்லடையில் சலிக்கலாம்.

சலித்தாலும் மண் போகாது. மூட்டை கனக்கும், சத்து குறையும். விற்பனைக்கு வரும் மண்புழு உரத்தில் கரிமக் கார்பன் குறைந்தது 18 சதவீதம் வேண்டும் என்கிறது உரக் கட்டுப்பாட்டு ஆணை. வாசல் மண் கலந்த உரத்துக்கு அது எட்டாது. ஆகவே சருகைக் குழியில் போடும் முன்பே உதறிவிட வேண்டும்.

அதே மண் பிளாஸ்டிக்கையும் கெடுக்கிறது. பால் கவரைக் கழுவிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடைக்காரரே எடுத்துக்கொள்வார். அவர் தொடாத கேரி பேக், ஊராட்சி ஒன்றியத்தின் அரைவை எந்திரம் வழியாகச் சாலைக்குப் போகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை அது: சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லியில், தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக் துகளைத் தூவினால் அரை நிமிடத்தில் உருகி ஜல்லியைப் போர்த்தும், பிறகு தார் ஊற்றுவார்கள். துகளில் மண் இருந்தால் ஜல்லியில் சரியாக ஒட்டாது, அதற்கு முன்பே அரைவைக் கத்தி மழுங்கியிருக்கும். ஈரம் இருந்தால் ஆவியாகிப் பொங்கும். ஷாம்பு பாக்கெட் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய பல அடுக்கு. பிரிக்க வழியில்லை, சிமென்ட் ஆலைச் சூளைக்குத்தான்.

சாலைக்கு ஆகவே ஆகாதது, குழாய் செய்யும் பிளாஸ்டிக் வகையான பி.வி.சி. சூடு பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கக்கும். தொழிலாளியின் நெஞ்சில் எரியும், எந்திரத்தை அரிக்கும். கண்டுபிடிக்க ஒரு வாளி தண்ணீரில் துளி சோப்பைக் கரைத்து, பிளாஸ்டிக் துண்டை முழுக அமுக்கிவிடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் மெல்லிய தாள் காற்றுக் குமிழைப் பிடித்துக்கொண்டு ஏமாற்றும். பாலித்தீனும் பாலிபுரொப்பிலீனும் மேலே வரும், பி.வி.சி. அடியில் தங்கும். தண்ணீர் பாட்டிலும் மூழ்கும்தான், ஆனால் அதற்குக் கடையில் விலை உண்டு என்பதால் இந்த வாளிவரை வராது. சுண்ணாம்புக்கல் பொடி அதிகம் கலந்த மட்டமான கேரி பேக்கும் சில சமயம் மூழ்கும். சந்தேகமானதைச் சாலைக்கான சாக்கில் போடாமல் ஒதுக்கிவிடலாம். மிதந்ததை நிழலில் முழுதும் காயவைத்த பிறகே அரைவைக்கு அனுப்ப வேண்டும்.