கேமரா வாங்கும் முன் லென்ஸை எடை போடுங்கள்

மும்பை ஃபோர்ட் பக்கம் போரா பஜாருக்குக் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் தூக்கிப் பார்ப்பது பாடியைத்தான். "அட, எவ்வளவு லேசா இருக்கு!" உள்ளே இருந்த கண்ணாடி போய் மிரர்லெஸ் வந்ததில் பாடி இளைத்தது உண்மைதான். ஆனால் தாதர் ஸ்டேஷன் பாலத்தில், அந்தக் கூட்டத்தில், தோளை இழுக்கப்போவது லென்ஸ்.

லென்ஸின் வேகம், அதாவது எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது, குவியத் தூரத்தோடு ஒப்பிட வெளிச்சம் நுழையும் வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. குவியத் தூரத்தை (லென்ஸில் எழுதியிருக்கும் மி.மீ. எண்) எஃப் எண்ணால் வகுத்தால் அந்த வாயின் விட்டம் வந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் சுமார் 28 மி.மீ., எஃப் 1.2 என்றால் 42. அதுவே 200 மி.மீ. லென்ஸில் எஃப் 2.8 கேட்டால் 71 மி.மீ. எந்தக் கம்பெனியும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

கேனானின் மிரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் வரிசையில் 50 மி.மீ. லென்ஸ்களையே பாருங்கள். எஃப் 1.8 லென்ஸ் 160 கிராம், உள்ளே 6 வில்லைகள். எஃப் 1.2 லென்ஸ் 950 கிராம், 15 வில்லைகள். எடை கிட்டத்தட்ட ஆறு மடங்கு. கிடைக்கும் வெளிச்சமோ இரண்டேகால் மடங்குதான். வாய் அகல அகல, ஓரமாக நுழையும் கதிர்களை அதிகம் வளைக்க வேண்டும். அவை ஒரே புள்ளியில் சேராமல் முரண்டு பிடிக்கும். வழிக்குக் கொண்டுவரத்தான் இத்தனை வில்லைகள்.

சரி, படத்தைப் பதியும் சென்சாரைச் சின்னதாக்கினால்? ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சார் 36 × 24 மி.மீ.; மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சின்னது 17.3 × 13. பரப்பில் ஏறக்குறைய கால்வாசி. அதில் குட்டியான 25 மி.மீ. லென்ஸே பெரியதன் 50 மி.மீ. காட்சியைக் காட்டிவிடும். எஃப் 1.8 என்று எழுதியிருந்தாலும் அதன் வாய் 14 மி.மீ.தான். எக்ஸ்போஷர் (சென்சாரின் ஒவ்வொரு இடத்திலும் விழும் வெளிச்சம்) மாறாது, ஆனால் சென்சார் மொத்தமாகச் சேர்க்கும் வெளிச்சம் கால்பங்கு. ஃபுல் ஃபிரேமில் எஃப் 3.6 வைத்த மாதிரி. மங்கலான இடத்தில் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவது அதனால்தான். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மரீன் டிரைவ் வெயிலில் இந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. மாட்டுங்காவில் ஓர் அரங்கேற்றம் என்றால்தான் சிக்கல். முத்திரை பிடிக்கும் கை கலங்காமல் பதிய ஷட்டர் 1/250 நொடிக்குள் மூட வேண்டும்; அதற்குள் நுழையும் வெளிச்சம் கொஞ்சம்தான். கேமராவின் நடுக்கத் தடுப்பு நம் கையாட்டத்தைத்தான் அடக்கும், ஆடுகிற பெண்ணின் கையை அல்ல.

அதற்காக எப்போதும் கனத்தைச் சுமக்க வேண்டுமா? கேனானின் ஆர்எஃப் 70-200 எஃப் 4 ஜூம் 695 கிராம், எஃப் 2.8 ஜூம் 1,070 கிராம். அன்றாடத்துக்கு அந்த 160 கிராம் லென்ஸை வைத்துக்கொண்டு, மேடை நிகழ்ச்சி வரும் அன்று எஃப் 2.8 ஜூமை வாடகைக்கு எடுப்பேன் நான்.