ஹேக்: கொந்தலா, ஊடுருவலா, முடக்கமா?

“என் ஃபேஸ்புக் ஐடியை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க. என் பேர்ல பணம் கேட்டா அனுப்பாதீங்க.” இந்தப் பதிவைப் பார்க்காத வாரம் உண்டா? இதில் ஒரு வேடிக்கை. பெரும்பாலும் அது ஹேக் ஆனதாகச் சொல்லப்படும் அதே ஐடியிலிருந்துதான் வந்திருக்கும். களவுபோன வீட்டின் திண்ணையில் உரிமையாளரே உட்கார்ந்து அறிவிப்புச் செய்கிறார். நடந்தது என்னவென்றால், யாரோ அவருடைய படத்தை எடுத்து அதே பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். அவருடைய கணக்குக்குள் யாரும் நுழையவே இல்லை.

ஓடிபி கொடுத்து ஏமாந்தாலும் ஹேக். நிறுவனம் கணக்கை நிறுத்தினாலும் ஹேக். ஆதார் விவரம் எங்கிருந்தோ கசிந்தாலும் ஹேக். தேர்தலில் தோற்றால் வாக்குப்பதிவு எந்திரமும் ஹேக். இத்தனையையும் ஒரே சொல்லில் அடைப்பதால் யார் பொறுப்பு, அடுத்து என்ன செய்வது என்பது குழம்பிப்போகிறது. அதனால் இந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ‘ஹேக்’ என்பதற்கு முதல் பொருள் வெட்டுவது. நறுவிசாக அரிவதில்லை, கோடரியாலோ அரிவாளாலோ தாறுமாறாகக் கொத்துவது. பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வினை இது; ஜெர்மன், டச்சு மொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. வாடகைக் குதிரையையும் கூலிக்கு எழுதும் எழுத்தாளரையும் குறிக்கும் ‘ஹேக்’ வேறு. அது லண்டனை அடுத்த ஹேக்னி என்ற ஊரின் பெயரை ஒட்டி வந்தது.

மரம் வெட்டிய சொல் மின்கம்பிக்கு வந்தது அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தில். அங்கே பொம்மை ரயில்களுக்குத் தண்டவாளமும் மின்சுற்றும் அமைத்து விளையாடும் மாணவர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் 1955 ஏப்ரல் கூட்டக் குறிப்பில் ஒரு வேண்டுகோள்: மின்சுற்றில் வேலை செய்பவர்களோ ‘ஹேக்’ செய்பவர்களோ ஃபியூஸ் போகாமலிருக்க முதலில் மின்சாரத்தை நிறுத்திவிடவும். இன்றைய பொருளுக்குக் கிட்டே வரும் மிகப் பழைய பதிவாக அதைத்தான் காட்டுகிறார்கள். 1959-இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த பீட்டர் சாம்சன் தங்கள் குழுவின் வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியே எழுதினார். அதில் ‘ஹேக்’ என்பதற்கு, உருப்படியான நோக்கம் எதுவும் இல்லாமல் செய்வது என்று ஒரு பொருள். தனக்குத் தானே தப்பாக யோசனை சொல்லிக்கொண்டு இறங்கிய வேலை என்று இன்னொரு பொருள். திருட்டு, கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை.

எம்ஐடியில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1994-இல் மாணவர்கள் அங்குள்ள பெரிய குவிமாடத்தின் உச்சியில் ஒரு போலீஸ் காரை நிறுத்திவைத்தார்கள். ஒரு காரின் வெளிக்கூட்டைக் கொண்டு ஜோடித்தது. உள்ளே போலீஸ் பொம்மை ஒன்று, பக்கத்தில் டோனட் பெட்டி. அந்த வளாகத்தில் இப்படிப்பட்ட குறும்புக்குப் பெயரும் ஹேக்தான்.

குறும்பு எங்கே குற்றமாகத் திரும்பியது? 1963 நவம்பரிலேயே எம்ஐடி மாணவர் பத்திரிகை ‘தொலைபேசி ஹேக்கர்கள்’ பற்றிச் செய்தி போட்டிருக்கிறது. ஹார்வர்டுக்கும் எம்ஐடிக்கும் இடையிலான இணைப்புகளை மாணவர்கள் அடைத்துவிட்டார்கள், தொலைபேசிச் சேவையைக் குறைக்க வேண்டியதாயிற்று என்பது புகார். ஆனால் வெளியுலகுக்கு இந்தச் சொல் கெட்ட பொருளில் போய்ச் சேர்ந்தது 1983-இல். மில்வாக்கி நகரத்துப் பையன்கள் சிலர், தங்கள் ஊரின் தொலைபேசிக் குறியெண்ணான 414-ஐயே குழுப் பெயராக வைத்துக்கொண்டு, லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக்கூடம் உட்படப் பல இடங்களின் கணினிகளுக்குள் நுழைந்தார்கள். பெரிய மாயவித்தை எதுவும் தேவைப்படவில்லை. எந்திரம் விற்கப்பட்டபோது இருந்த கடவுச்சொல்லைப் பல இடங்களில் யாரும் மாற்றியிருக்கவில்லை. அந்த ஆண்டு நியூஸ்வீக் இதழின் அட்டையில் அந்தப் பையன்களில் ஒருவர் படம் வந்தது. அதற்குப் பிறகு ஹேக்கர் என்றால் திருடன்தான்.

பழைய ஆட்களுக்கு இது பொறுக்கவில்லை. உடைப்பவனை ‘கிராக்கர்’ என்று சொல்லுங்கள், எங்கள் பெயரைக் கெடுக்காதீர்கள் என்றார்கள். 1993 ஜனவரியில் வந்த இணையப் பயனர் சொல்லடைவு ஒன்று, கணினி அமைப்பின் உள்வேலைகளை நுணுக்கமாக அறிவதில் மகிழ்பவரே ஹேக்கர் என்றும், கெட்ட பொருளில் ஆள்வது தவறு என்றும் எழுதிவைத்தது. யார் கேட்டார்கள்? நமக்கெல்லாம் கிராக்கர் என்றால் தீபாவளிப் பட்டாசுதான். கடைசியில் சமரசமாக, பழைய கௌபாய் படங்களில் நல்லவன் வெள்ளைத் தொப்பியும் கெட்டவன் கறுப்புத் தொப்பியும் போடுவதை வைத்து வெள்ளைத் தொப்பி ஹேக்கர், கறுப்புத் தொப்பி ஹேக்கர் என்று பிரித்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஐடி ஹேக் ஆகிவிட்டது என்று நாம் புலம்பும் ஃபேஸ்புக்கின் தலைமையக முகவரியில் பல ஆண்டுகள் இருந்த தெருப் பெயர் ஹேக்கர் வே. கதவு எண் ஒன்று. பழைய, பெருமைக்குரிய பொருளில் அவர்களே விரும்பி வைத்துக்கொண்ட பெயர்.

இந்தியச் சட்டத்திலும் இந்தச் சொல் வந்துபோன கதை உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஆம் பிரிவின் தலைப்பிலேயே ஹேக்கிங் இருந்தது. ஆனால் அது சொன்ன பொருள், கேடு விளைவிக்கும் எண்ணத்தோடு கணினியில் இருக்கும் தகவலை அழிப்பது, மாற்றுவது, அதன் மதிப்பைக் குறைப்பது. உள்ளே போய்ச் சத்தமில்லாமல் படித்துவிட்டு வந்தால் அது இந்த வரையறைக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாட நிறைய இடம் இருந்தது. 2008-இல் திருத்தம் கொண்டுவந்து, 2009 அக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பிரிவிலிருந்து ஹேக்கிங் என்ற சொல்லே போய்விட்டது. இப்போது 66-ஆம் பிரிவு ‘கணினி தொடர்பான குற்றங்கள்’ என்கிறது. அடுத்தவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் 66சி. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. தொடக்கத்தில் பார்த்த போலி ஃபேஸ்புக் கணக்குக்காரர் இந்தக் கடைசிப் பிரிவில்தான் மாட்டுவார். சட்டம் கைவிட்ட சொல்லை நாம் இன்னும் விடவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது?

கலைச்சொல் ஆர்வலர்கள் முன்வைத்தது ‘கொந்தர்’. கொந்துதல் என்றால் கொத்துதல், குதறுதல். ஈழத்தில் கிளியும் அணிலும் கொத்திப்போட்ட மாம்பழத்தைக் கொந்தல் என்பார்கள். வெட்டுவது, கொத்துவது என்ற ஆங்கில மூலப் பொருளோடு இது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டில் இந்த வினை பேச்சில் அவ்வளவாக இல்லை. ‘என் கணக்கைக் கொந்திவிட்டார்கள்’ என்று எழுதினால் பாதிப் பேர் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள்.

அடுத்தது ‘ஊடுருவல்’. எல்லைச் செய்திகளில் பழகிய சொல். பாதுகாப்பை மீறி உள்ளே புகுவதைத் தெளிவாகச் சொல்கிறது. சேவையகம், அரசு இணையதளம், வங்கிக் கணினி என்று பேசும்போது இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஊடுருவினார்கள், ஊடுருவப்பட்டது, ஊடுருவி என்று எல்லா வடிவமும் தடையின்றி வருகிறது. நல்ல பொருளைச் சுமக்காது என்பது ஒரு குறை. அனுமதி பெற்றுச் செய்யும் ‘எதிக்கல் ஹேக்கிங்’கை ‘நெறிசார் ஊடுருவல்’ என்று எழுதும்போதே இடிக்கிறது.

எனக்குப் பிடித்த சொல் வேறு: கன்னமிடுதல். சுவரில் துளைபோட்டு உள்ளே இறங்கும் திருடனின் வேலை. அதற்கென்றே கன்னக்கோல் என்ற கருவியும் இருந்தது. கிராக்கர்களுக்கு இதைவிடக் கச்சிதமான சொல் கிடைக்காது. ஆனால் இன்றைய பிள்ளைகளுக்குக் கன்னம் என்றால் முகத்தில் இருப்பது மட்டும்தான். ஆசைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் பிடித்துக்கொண்டிருக்கும் சொல்லோ ‘முடக்கம்’. என் சண்டை இந்தச் சொல்லோடுதான்.

2021 டிசம்பர் 12 அதிகாலை பிரதமர் மோடியின் ட்விட்டர் கணக்கிலிருந்து, பிட்காயினை இந்தியா சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்று ஒரு பதிவு வந்தது. யாரோ கொஞ்ச நேரம் கணக்கைக் கைப்பற்றியிருந்தார்கள். 2023-இல் நாம் தமிழர் கட்சி ஒருங்கிணைப்பாளர் சீமானின் ட்விட்டர் பக்கம் இந்தியாவில் தெரியாமல் போனது. அங்கே யாரும் நுழையவில்லை. சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவுக்குள் நிறுத்திவைத்திருப்பதாக நிறுவனமே அந்தப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தது. முதலாவதில் முகம் தெரியாத திருடன். இரண்டாவதில் ஒரு கோரிக்கை, அதற்கு இணங்கிய நிறுவனம். ஒன்றுக்கு சைபர் போலீஸ், மற்றதற்கு நீதிமன்றம். இரண்டு வகைக்கும் ‘ட்விட்டர் கணக்கு முடக்கம்’ என்று ஒரே தலைப்பைப் போட்டால், முடக்கியது யார் என்ற கேள்வி வாசகரின் தலையில் விழுகிறது. நடந்த திருட்டு, அரசாங்கத்தின் வேலையாகத் தெரியும். அரசின் தணிக்கை யாரோ விஷமியின் வேலையாகத் தெரியும். அரசியல் கணக்குகளில் இந்தக் குழப்பத்தால் லாபம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். முடக்கத்தை நிறுத்திவைப்புக்கு விட்டுவிட்டு, திருட்டுக்கு ‘கைப்பற்றல்’ அல்லது ‘பறிப்பு’ என்று எழுதலாமே. கணக்கு பறிபோனது என்றால் பாட்டிக்கும் புரியும்.

பறிபோகும் விதமும் பெரும்பாலும் சினிமாவில் காட்டுவது போல இருப்பதில்லை. 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டோர்ஸியின் சொந்தக் கணக்கே பறிபோனது. அவருடைய செல்பேசி எண்ணைத் தங்கள் சிம்முக்கு மாற்றிக்கொண்டு, குறுஞ்செய்தி வழியே பதிவு போட்டார்கள். 2020 ஜூலை 15 அன்று ஒபாமா, பைடன், பில் கேட்ஸ் எனப் பெரிய பெரிய கணக்குகளிலிருந்து பிட்காயின் அனுப்பச் சொல்லிப் பதிவுகள் வந்தன. அலுவலகத்தின் கணினித் துறையிலிருந்து பேசுவதாகச் சொல்லி ட்விட்டர் ஊழியர்களை ஃபோனில் ஏமாற்றித்தான் உள்ளே போயிருந்தார்கள். குறிவைக்கப்பட்டவை 130 கணக்குகள், பதிவு போனவை 45. சிக்கியவர்களில் ஒருவருக்கு வயது 17. இதற்கெல்லாம் ‘ஏமாற்றிப் பறித்தல்’ என்று தமிழில் சொல்லிவிட்டால், அடுத்த முறை ஓடிபி கேட்டு அழைப்பு வரும்போது எதற்கு உஷாராக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஹேக் என்று சொன்னால், நம் கையில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடத் தோன்றும்.

தமிழ் ஊடகங்களுக்குத் துல்லியம் வராது என்றும் சொல்ல முடியாது. 2021 ஜூலையில் பெகாசஸ் விவகாரம் வெடித்தபோது, ‘ஒட்டுக்கேட்பு’ என்ற சொல் தானாக வந்து உட்கார்ந்தது. இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்லும் உளவு மென்பொருள் அது. இணைப்பு எதையும் தொடாமலேயே செல்பேசிக்குள் இறங்கக்கூடியது. 2019-இல் சுமார் 1,400 கருவிகளை இதற்காகத் தாக்கினார்கள் என்று வாட்ஸ்அப் வழக்கே போட்டது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதுவும் ஹேக்தான். ஆனால் ஒட்டுக்கேட்பு என்ற சொல், எப்படிச் செய்தார்கள் என்பதை விட்டு எதற்காகச் செய்தார்கள் என்பதைப் பிடித்துக்கொண்டது. அரசியல் செய்திக்கு அதுதான் தேவை. கேட்பதோடு நிற்காமல் படத்தையும் கோப்பையும் எடுக்கிறதே என்று நுணுக்கம் பார்ப்பவர்கள் ‘வேவு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

வாக்குப்பதிவு எந்திரத்துக்கு வருவோம். ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் ‘ஈவிஎம் ஹேக்’ என்று பதிவுகள் கிளம்புகின்றன. எந்திரம் எந்த வலையோடும் இணைக்கப்படாதது என்பது தேர்தல் ஆணையத்தின் பதில். ஹேக் என்றதும் எங்கோ தூரத்தில் உட்கார்ந்து கணினியைத் தட்டும் ஆள்தான் மனதில் வருவதால், அந்தப் பதிலோடு பலருக்கு விவாதம் முடிந்துவிடுகிறது. ஆனால் 2010-இல் கணினிப் பாதுகாப்பை ஆராய்பவர்களான ஹரி பிரசாத், அலெக்ஸ் ஹால்டர்மேன், ராப் கோங்கிரிப் ஆகியோர் உண்மையான எந்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காட்டியது வேறு. எண்களைக் காட்டும் பலகையை மாற்றிவைப்பது, நினைவகத்தின் மேல் சிறு கருவியைக் கவ்வவைப்பது. இரண்டுக்கும் எந்திரத்தைத் திறந்து தொட வேண்டும். அதற்குத் தமிழில் ‘கைவைத்தல்’ என்று நேராகவே சொல்லலாம். அப்படிச் சொன்னால் கேள்வி இணையத்திலிருந்து விலகி, காப்பறைக்கும் முத்திரைக்கும் சாவி வைத்திருப்பவருக்கும் திரும்பும். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான் என்பது என் கருத்து. 2017 ஜூனில் ஆணையம் கட்சிகளுக்குச் சவால் விட்டபோது தேசியவாத காங்கிரஸும் மார்க்சிஸ்ட் கட்சியும்தான் வந்தன. இரண்டும் எந்திரத்தில் கைவைத்துப் பார்க்கவில்லை.

மிச்சம் இருப்பது ஹேக்கின் நல்ல பொருள். அதற்கு அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. இருப்பதை வைத்து ஒரு வேலையைச் சமாளித்து முடிப்பதை நாம் ‘ஒப்பேற்றுவது’ என்கிறோம். அந்த ரயில் சங்கத்துப் பையன்கள் செய்தது அச்சாக அதுதான். அப்படி ஒப்பேற்றுவதில் தேர்ந்தவர் கில்லாடி. 2004-இல் கிளம்பிய ‘லைஃப் ஹேக்’ என்பதற்கு நம் வார இதழ்கள் எப்போதோ ‘வீட்டுக் குறிப்புகள்’ என்று பெயர் வைத்துவிட்டன.

பலர் ஓரிடத்தில் கூடி விடாமல் நிரல் எழுதும் ஹேக்கத்தானை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். 1999 ஜூனில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் நிரலாளர்கள் பத்துப் பேர், அமெரிக்காவின் குறியாக்க (என்கிரிப்ஷன்) ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளில் மாட்டாமலிருக்கக் கனடாவின் கால்கரியில் கூடி வேலை செய்தபோது பிறந்த சொல் அது. 2017 முதல் ஒன்றிய அரசே ‘ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்’ நடத்துகிறது. நம் பொறியியல் கல்லூரி மாணவர்கள் அதில் கலந்துகொண்ட சான்றிதழை வீட்டில் காட்டும்போது, “ஹேக்கா? அது தப்பில்லையா?” என்று கேட்கும் அம்மாக்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.