கூப்-ஷூ: பீரங்கிப்படையின் குறுவாள்

கூப்-ஷூ (பெயர்ச்சொல், பிரெஞ்சு): பீரங்கியோடு நடந்தே செல்லும் வீரர்கள் இடுப்பில் கட்டிய, இருபுறமும் கூருள்ள நேரான குட்டை வாள். பிரெஞ்சுக் காலாட்படையினரும் இதைக் கட்டினார்கள்.

'கூப்' வெட்டுவதைக் குறிக்கும்; 'ஷூ' முட்டைக்கோஸ். ஆக, 'முட்டைக்கோஸ் வெட்டி'. படைவீரர்கள் வைத்த பட்டப்பெயர் இது. சவரக்கத்திக்கும் பிரெஞ்சுக்காரர்கள் இதே பெயரைச் சொல்வதுண்டு. பீரங்கிப்படைக்கு 1816-இல் வந்த வாளின் முறையான பெயர் 'கிளேவ்'. உருவத்தில் அது ரோமானியரின் 'கிளாடியஸ்' வாளைப் பின்பற்றியது. அதைப் பார்த்து அமெரிக்க ராணுவம் 1832-இல் தனக்கும் ஒன்று செய்துகொண்டது. மாசசூசெட்ஸின் ஏம்ஸ் நிறுவனம் வார்த்த அந்த வாளுக்கு அலகு மட்டும் 19 அங்குலம். பித்தளைக் கைப்பிடி முழுக்கச் செதில் செதிலாக இருக்கும், குமிழில் கழுகு.

பார்க்க அழகுதான். ஆனால் பீரங்கிக்காரனுக்கு இதை எதிரிமேல் வீசும் வேளை அரிதாகத்தான் வந்தது. புதரை வெட்டி வழி செய்யவும், சுள்ளி தறிக்கவுமே இது அதிகம் உதவியது. சுள்ளிகளைக் கட்டுக்கட்டாக அடுக்கித்தான் பீரங்கி மேடைக்கு அரண் அமைப்பார்கள், அகழியைத் தூர்ப்பார்கள். அந்தக் கட்டுக்கு 'ஃபஷீன்' என்று பெயர். 'கட்டு' எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஜெர்மானியர் தங்கள் குட்டை வாளை 'ஃபஷீனன்மெஸ்ஸர்', அதாவது சுள்ளிக்கட்டுக் கத்தி, என்றே அழைத்தார்கள். அவற்றுள் சிலவற்றின் முதுகில் ரம்பப் பற்களும் உண்டு. ரஷ்யரின் 'தெசாக்' என்ற சொல்லும் மரம் செதுக்கும் வினையிலிருந்து பிறந்ததுதான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? கட்டாரி பொருந்தாது, அதன் பிடி குறுக்காக இருக்கும், குத்துவதற்கானது. பிச்சுவா வளைந்தது. 'சுரிகை' பழைய, அழகான சொல். பெரும்பாணாற்றுப்படையிலேயே இடுப்பில் செருகிய சுரிகை வருகிறது. ஆனால் இன்று அதைக் கேட்டால் சிறு கத்திதான் மனதில் வரும். 'உடைவாள்' இடுப்பில் கட்டும் எந்த வாளுக்கும் பொது. எனவே 'பீரங்கிக் குறுவாள்' என்பதே என் தேர்வு. வெறும் 'குறுவாள்' என்றால் குத்துவாள் என்று எடுத்துக்கொள்வார்கள், முன்னொட்டை விடக்கூடாது.

கதையில் வீரர்கள் பேசும் இடமென்றால் 'முட்டைக்கோஸ் வெட்டி' என்றே எழுதுங்கள், அந்தக் குறும்பு கெடக்கூடாது. ஜெர்மானியரின் ரம்ப முதுகுக் கத்திக்கு 'சுள்ளிவாள்' பொருந்தும். ஈழத்தில் ரம்பத்தையே 'வாள்' என்றுதானே சொல்கிறார்கள்.