நலன் முரண்: கவுன்சிலர்களும் திட்ட அனுமதியும்

இங்கிலாந்தில், ஊரில் எதைக் கட்டலாம் என்று அனுமதி கொடுக்கும் கவுன்சிலர்களின் குழுவுக்குத் திட்டக் குழு என்று பெயர். எந்த ஊரில் அதன் கூட்டத்துக்குப் போனாலும், நிகழ்ச்சி நிரலின் தொடக்கத்திலேயே ஒரு தலைப்பு வந்துவிடும்: ‘டிக்ளரேஷன்ஸ் ஆஃப் இன்ட்ரெஸ்ட்’. தலைவர் உறுப்பினர்களைப் பார்த்து, “இன்றைக்கு வரும் விண்ணப்பங்களில் யாருக்காவது அறிவிக்க வேண்டியது ஏதும் உண்டா?” என்று கேட்பார். பெரும்பாலும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சில நாள் ஒருவர் கை தூக்கி, “ஐந்தாவது விண்ணப்பத்தில் இருக்கும் மனைக்குப் பக்கத்து வீடு என்னுடையது. அது விவாதத்துக்கு வரும்போது வெளியே போய்விடுகிறேன்” என்பார். குழுவின் செயலர் அதைக் குறித்துக்கொள்வார். அரை நிமிட வேலைதான். ஆனால் அந்த அரை நிமிடம் தவறிப்போனால், கொடுத்த அனுமதியே நீதிமன்றத்தில் ரத்தாகலாம்.

இதற்குப் பின்னால் நிற்கும் கருத்துக்குப் பெயர் ‘கான்ஃபிளிக்ட் ஆஃப் இன்ட்ரெஸ்ட்’. தமிழில் இதற்கு ஆதாய முரண், நலன் முரண், நல முரண்பாடு, அக்கறை முரண்பாடு என்று பல வடிவங்கள் புழங்குகின்றன. கணினி மொழிபெயர்ப்பை நம்பியவர்கள் ‘ஆர்வ மோதல்’ என்றும் ‘வட்டி மோதல்’ என்றும் எழுதிவிடுகிறார்கள். என் தேர்வு ‘நலன் முரண்’. காரணத்தைச் சொல்ல, மூலச்சொல் வந்த வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

‘இன்ட்ரெஸ்ட்’ லத்தீன் வேரிலிருந்து வந்த சொல். ‘இன்டர்’ என்றால் இடையே, ‘எஸ்ஸே’ என்றால் இருத்தல். ஒன்று நடந்ததற்கும் நடக்காமல் இருந்திருந்தால் இருக்கும் நிலைக்கும் ‘இடையே இருப்பது’, அதாவது அதனால் ஒருவருக்கு வந்துசேரும் வேறுபாடு. ரோமானியச் சட்டத்தில் இழப்பீட்டை அளக்க இந்தச் சொல்தான் பயன்பட்டது. இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு வட்டி வாங்குவதைத் திருச்சபை தடுத்திருந்தது. ஆனால் கடன்பட்டவர் தவணை தவறினால், கொடுத்தவர் தன் இழப்புக்கு ஈடு கேட்கலாம். அந்த ஈட்டுக்கு ‘இன்டரெஸ்ஸே’ என்று பெயர். காலப்போக்கில் அதுவே வட்டியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இன்னொரு கிளையில் அதே சொல் சொத்தின் மீதுள்ள உரிமை, பங்கு என்று சட்டத்துக்குள் வளர்ந்து, பிறகு ஒருவருக்கு நன்மை தருவது என்று விரிந்தது. ஆர்வம் என்ற பொருள் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்தது.

கவுன்சிலர் அறிவிக்க வேண்டியது இந்த இரண்டாவது கிளையைச் சேர்ந்தது. பழைய கட்டடங்கள் மீது அவருக்கு எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இந்த முடிவால் அவருக்கு நல்லதோ கெட்டதோ நேருமா என்பதுதான் கேள்வி. அதனால்தான் ‘ஆர்வம்’ இங்கே முழுத் தவறு.

‘ஆதாயம்’ தவறில்லை, ஆனால் குறுகல். ஆதாயம் என்றதும் கைக்கு வரும் லாபம்தான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து மனையில் மூன்று மாடி எழுந்தால் தன் சமையலறைக்கு வெளிச்சம் போய்விடுமே என்று பயப்படும் கவுன்சிலருக்கு என்ன ஆதாயம்? ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த விண்ணப்பத்தில் அவர் முடிவெடுக்கக் கூடாது. இழப்பைத் தவிர்ப்பதும் ஒருவருக்கு நலன்தான்.

நலம், நலன் இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். அறம் அறன் ஆவதுபோல, நிலம் நிலன் ஆவதுபோல, இதுவும் கடைப்போலி. இலக்கணப்படி வேறுபாடு இல்லையென்றாலும் இன்றைய வழக்கு இரண்டையும் கொஞ்சம் பிரித்து வைத்திருக்கிறது. ‘நலமா?’ என்று உடல்நிலையை விசாரிக்கிறோம். ‘மக்கள் நலன்’, ‘நாட்டு நலன்’ என்று எழுதுகிறோம். ‘பொதுநல வழக்கு’ என்று நீதிமன்றச் செய்திகளில் அன்றாடம் படிக்கிறோமே, அங்கே ‘நலம்’ என்பது அதே ‘இன்ட்ரெஸ்ட்’தான். ஆக, இந்தப் பொருளுக்கு நலம் என்ற சொல்லைத் தமிழ் ஏற்கெனவே எடுத்து வைத்துவிட்டது. ‘நல முரண்’ என்றால் மருத்துவக் கட்டுரையோ என்று ஒரு நொடி தடுமாற இடமுண்டு. ‘நலன் முரண்’ அந்தத் தடுமாற்றத்தைத் தராது.

அடுத்தது முரண். ‘கான்ஃபிளிக்ட்’ என்பதற்கு லத்தீனில் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளுதல் என்று பொருள். அதை வைத்து மோதல் என்கிறார்கள் சிலர். மோதல் ஒரு நிகழ்ச்சி. யாரோ யாரையோ தாக்க வேண்டும். முரண் ஒரு நிலை. யாப்பில் முரண் தொடை என்று ஒன்று உண்டு: ஒரு அடியில் இருள் என்று வந்தால் அடுத்த அடியில் ஒளி என்று வரும். இரண்டும் சண்டை போடுவதில்லை. எதிரெதிர் இயல்புள்ளவை அருகருகே நிற்கின்றன, அவ்வளவுதான். கவுன்சிலரின் நிலையும் அதுவே. ஊருக்காக முடிவெடுக்கும் பொறுப்பு ஒரு பக்கம், தன் வீட்டுக் கணக்கு ஒரு பக்கம். அவர் எந்தத் தவறும் செய்ய வேண்டியதில்லை; அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாலே நலன் முரண் வந்துவிடுகிறது.

இதை எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் காட்டியது 1852-இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை தீர்த்த ஒரு வழக்கு. கிராண்ட் ஜங்ஷன் கால்வாய் நிறுவனத்துக்குச் சாதகமான தீர்ப்பை லார்ட் சான்சலர் என்ற உயர் நீதிப் பதவியில் இருந்த காட்டன்ஹாம் உறுதி செய்திருந்தார். அந்த நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் இருந்தன என்பது பிறகு தெரியவந்தது. தீர்ப்பு ரத்தானது. அப்போது பிரபுக்கள் அவையில் அந்த வழக்கைக் கேட்ட லார்ட் கேம்பல் சொன்னது முக்கியம்: அந்தப் பங்குகள் காட்டன்ஹாமின் மனத்தை இம்மியளவும் அசைத்திருக்கும் என்று யாரும் நினைக்க முடியாது, ஆனாலும் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக யாரும் இருக்கக் கூடாது என்ற விதி காப்பாற்றப்பட வேண்டும். ஆளின் மேல் பழி இல்லை, தீர்ப்பு மட்டும் நிற்காது. நலன் முரண் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதனால்தான் செய்திகளில் ‘நலன் முரண்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஊழல்’, ‘முறைகேடு’ என்று போடும்போது மனம் வருந்துகிறது. ஊழல் வேறு. கட்டடக் கலைஞர் ஜான் பவுல்சன் பல ஊர்களின் அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் பணமும் பரிசும் கொடுத்துக் கட்டட ஒப்பந்தங்களைப் பிடித்து, 1974-இல் சிறைக்குப் போனார். நியூகாஸில் நகர மன்றத்தின் முன்னாள் தலைவர் டி. டான் ஸ்மித்தும் அதே ஆண்டு சிறை சென்றார். அது லஞ்சம். பக்கத்து வீடு என்னுடையது என்று கை தூக்குகிறவர் அதற்கு நேர் எதிரான காரியத்தைச் செய்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நேர்மையாக அறிவிக்க நினைப்பவரும் தயங்குவார்.

திட்டக் குழுவில் மட்டும் இது ஏன் இவ்வளவு கூர்மையாகிறது? ‘பிளானிங்’ என்பதைத் ‘திட்டமிடல்’ என்று மட்டும் படித்தால் பொருள் பிடிபடாது. இங்கே பேச்சு நிலப் பயன்பாடு பற்றியது: இந்த மனையில் கட்டலாமா, எவ்வளவு உயரம், வயலை வீடுகளாக்கலாமா. ஒரே கையெழுத்தில் வயலின் மதிப்பு பல மடங்கு ஏறும். அதே கையெழுத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் வெயிலை இழப்பார். சின்னச் சின்ன விண்ணப்பங்களைப் பெரும்பாலும் அதிகாரிகளே முடித்துவிடுவார்கள். ஊர் இரண்டுபட்டு நிற்கும் விண்ணப்பங்கள்தான் குழுவுக்கு வரும். அப்புறம், கவுன்சிலர் அந்த ஊர்க்காரர். அந்த ஊரிலேயே வீடும் தொழிலும் சொந்தமும் இருப்பவர்தான் அந்த ஊர் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கிறார். நலன் குறுக்கிடாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இங்கிலாந்தில் இப்போது நடைமுறையில் இருப்பது உள்ளாட்சி பற்றிய 2011-ஆம் ஆண்டின் லோக்கலிஸம் சட்டம். பதவிக்கு வந்த 28 நாட்களுக்குள் கவுன்சிலர் தன் ‘அறிவிக்க வேண்டிய பண நலன்கள்’ எல்லாவற்றையும் பதிவேட்டில் சேர்க்கத் தெரிவிக்க வேண்டும். வேலை, மன்றத்தோடு உள்ள ஒப்பந்தங்கள், அந்த எல்லைக்குள் இருக்கும் நிலம், 25,000 பவுண்டுக்கு மேல் முகமதிப்புள்ள பங்குகள் என்று 2012-இல் வந்த விதிகள் பட்டியல் போடுகின்றன. அப்படிப்பட்ட நலன் உள்ள விஷயம் கூட்டத்துக்கு வந்தால் பேசவும் கூடாது, வாக்களிக்கவும் கூடாது. நியாயமான காரணம் இல்லாமல் மீறினால் அது குற்றவியல் குற்றம். நீதிமன்றம் ஐந்து ஆண்டு வரை பதவித் தகுதியைப் பறிக்கலாம்.

இந்தப் பட்டியலில் கணவன், மனைவி, துணைவராகச் சேர்ந்து வாழ்பவர் ஆகியோரின் நலன்களும் கவுன்சிலரின் நலனாகவே கணக்கு. மகன் இல்லை, அண்ணன் தம்பி இல்லை, மைத்துனர் இல்லை. தம்பியின் மனைக்கு அனுமதி கொடுக்க வாக்களித்தால் இந்தச் சட்டத்தின்படி மட்டும் அது குற்றமாகாது. இது பெரிய ஓட்டை என்பதுதான் என் எண்ணம். 2020-இல் உள்ளாட்சி அமைப்புகளின் சங்கம் வெளியிட்ட மாதிரி நடத்தை விதிகள் இதை ஓரளவு அடைக்கின்றன: உறவினர், நெருங்கியவர் ஆகியோரின் நலனையும் கூட்டத்தில் அறிவிக்கச் சொல்கின்றன. ஆனால் மாதிரி என்றால் மாதிரிதான். அதை ஏற்பதும் மாற்றுவதும் அந்தந்த மன்றத்தின் விருப்பம்.

விதிக்குள் வராவிட்டாலும் நீதிமன்றம் வேறொரு கண்ணால் பார்க்கும். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் நகர மன்றம் வீடுகளை விற்ற விவகாரத்தில் 2001-இல் பிரபுக்கள் அவை ஓர் அளவுகோலைச் சொன்னது: நியாய மனமும் விவரமும் உள்ள ஒரு பார்வையாளர், இங்கே பக்கச்சார்புக்கு உண்மையிலேயே இடமிருக்கிறது என்று முடிவுக்கு வருவாரா? ‘ஆமாம்’ என்றால் முடிவு நிற்பது கடினம். திட்ட அனுமதியை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக ஆறு வாரம்தான் அவகாசம். ஆனால் வழக்கு வென்றுவிட்டால், எந்தத் தவறும் செய்யாத விண்ணப்பதாரர்தான் அனுமதியை இழந்து நிற்பார்.

சரி, அறிவித்துவிட்டு எழுந்து போன கவுன்சிலர், பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு சாதாரணக் குடிமகனாகத் தன் வீட்டுக்காகப் பேசலாமா? நார்த் யார்க்‌ஷயரில் ஒரு குவாரி விண்ணப்பத்தில் இதே கேள்வி எழுந்தது. கவுன்சிலரின் வீடு குவாரிக்கு அருகில். 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கூடாது என்றது: ‘நான் கவுன்சிலராக வரவில்லை, குடிமகனாக வந்திருக்கிறேன்’ என்று சொல்லி அறைக்குள் இருக்க முடியாது. தீர்ப்பின் நியாயம் புரிகிறது. சக உறுப்பினர்கள் முன்னால் அவர் முகம் தெரிந்தாலே ஒரு பாரம்தான். ஆனால் தெருவில் உள்ள எல்லோரும் பேச, அவர் மட்டும் பேசக் கூடாது என்பதும் நெருடுகிறது. 2007-இல் வந்த நடத்தை விதிகள் ஒரு நடுவழி கண்டன. பொதுமக்களுக்குப் பேச வாய்ப்புள்ள கூட்டமானால், அவரும் அவர்களைப் போலப் பேசிவிட்டு, உடனே வெளியேற வேண்டும் என்றன. 2012-இல் அந்த விதிகள் முடிவுக்கு வந்தன.

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல்லையும் பிரித்துவிடலாம். ‘ப்ரீ டிடர்மினேஷன்’ என்பது நலன் முரண் இல்லை, அது முன்முடிவு. யார் என்ன சொன்னாலும் கேட்காமல், கூட்டத்துக்கு வருமுன்பே மனத்தைப் பூட்டிக்கொள்வது. தேர்தலில் “பசுமைப் பகுதியில் கட்ட விடமாட்டேன்” என்று பேசியவருக்கு இருப்பது முன்சாய்வு. 2011 சட்டத்தின் 25-ஆம் பிரிவு, முன்பு பேசியதை மட்டும் வைத்து ஒருவர் முன்முடிவோடு வந்தார் என்று கொள்ளக் கூடாது என்கிறது. கொள்கைக்காகச் சாய்வது அரசியல். அதற்காகத்தானே ஓட்டுப் போட்டோம்.

‘நலன் முரண்’ என்ற சொல்லிலும் ஒரு குறை உண்டு, அதை மறைப்பானேன். பொது நலனும் சொந்த நலனும் சில வேளை ஒரே திசையில் போகும். பள்ளிக்குப் போகும் புதுச் சாலையால் ஊருக்கும் நல்லது, சாலையோரம் நிலம் வைத்திருக்கும் கவுன்சிலருக்கும் நல்லது. நலன்கள் முரணவே இல்லையே, பிறகென்ன என்று கேட்கலாம். முரண் இரண்டு விளைவுகளுக்கு இடையே இல்லை; தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கும் பயன்பெறும் இடத்துக்கும் இடையே இருக்கிறது. அவர் அப்போதும் விலக வேண்டியவர்தான். குழுவில் மிகப் பலர் இப்படி விலகி, வேலையே நடக்காது என்ற நிலை வந்தால், நலன் இருந்தும் பங்கெடுக்க, எழுதிக் கேட்டு விலக்களிப்புப் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது.

கடைசியாக, கூட்டக் குறிப்பைத் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறையை விட்டுப் போனவரை ‘வெளிநடப்பு செய்தார்’ என்று எழுதாதீர்கள். தமிழில் அது எதிர்ப்பைக் காட்டிப் போவது. ‘வாக்களிப்பிலிருந்து ஒதுங்கினார்’ என்பதும் சரிவராது. அப்படி ஒதுங்குபவர் விவாதம் முழுக்க உள்ளேயே இருந்து, கடைசியில் கை தூக்காமல் விடுபவர். இப்படி எழுதலாம்: ‘ஐந்தாவது விண்ணப்பத்தில் தமக்கு நலன் இருப்பதை உறுப்பினர் அறிவித்தார், அது பக்கத்து வீட்டின் உரிமை. விவாதம் தொடங்குமுன் அறையை விட்டு விலகினார். முடிவு எடுக்கப்பட்ட பிறகு திரும்பி வந்தார்.’ என்ன நலன், எப்போது போனார், எப்போது வந்தார் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால் நீதிமன்றம் கேட்டு வாங்கிப் பார்ப்பது இந்தக் குறிப்பைத்தான்.